பாகற்காய் விலை

செவ்வாய் இரவு, சாட்ஸ்வர்த், ஏழாம் யூனிட்.
டிவியில் அவன் ஆஃப்ரிக்கான்ஸ் பேசுவான்.
ஒலியைக் குறைத்துவிட்டு ரேடியோவைத் திருப்பினால்
அதே வாய்க்கு ஆங்கிலம் வரும்,
அரை நொடி பிந்தி.
விலோஷினிதான் முள்ளைப் பிடித்துச் சரிசெய்வாள்.
உதடு மூடிய பிறகும்
ஒரு சொல் மிச்சமிருக்கும் அறைக்குள்.

கதை இதுதான்:
காலத்தில் இடறி விழுந்த ஒருவன்
வாரம் ஒரு உடம்பில் கண்விழிக்கிறான்.
ஒரு வாரம் குத்துச்சண்டைக்காரன்,
ஒரு வாரம் பிள்ளைத்தாய்ச்சி,
போன வாரம் ரயிலைத் தவறவிட்ட பாதிரியார்.
உப்பு எந்த டப்பாவில் என்று தெரியாமல்
யாரோ ஒருவர் சமையலறையில்
எல்லாவற்றையும் திறந்து பார்க்கிறான்.
கெட்டுப்போன ஒன்றை ஒட்டவைத்துவிட்டால்
அடுத்த உடம்புக்குப் போகலாம்.
அந்த உடம்பின் சொந்தக்காரன்
அதுவரை எங்கே இருப்பான்?
அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

தேவராஜுக்கு இது சுத்தப் புளுகு.
"மனுஷன் எப்படி இன்னொருத்தனாக ஆவான்?"
டயர் ஃபேக்டரி நைட் ஷிப்ட்டுக்கு
பூட்ஸ் மாட்டிக்கொண்டே கேட்பார்.
நான் பட்டன் தைத்துக்கொண்டிருப்பேன்.

என் அக்கா ஆனாள்.

அறுபத்து மூன்றில்
மரகதம் ஒரு படிவம் நிரப்பினாள்.
ஒரு மேஜை, மூன்று அதிகாரிகள்,
காதோரம் ஒதுக்கிப் பார்க்கப்பட்ட முடி,
பண்டிகைக்கு வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்றொரு கேள்வி.
எட்டு மாதம் கழித்து
பழுப்பு உறைக்குள் வந்து சேர்ந்தாள் மரியம்.
இனம்: மலாய்.
கேப் டவுனில், கட்டிக்கொண்டவனோடு
ஒரே தெருவில் குடியிருக்க அந்த ஒரு சொல் வேண்டியிருந்தது.
பழைய பெயரிலிருந்து
முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும்
எடுத்துப் போனாள்.
கடிதம் எழுதக்கூடாதென்று யாரும் சொல்லவில்லை.
நாங்களாகவே புரிந்துகொண்டோம்.

திரையில் அவன் கண்ணாடி பார்ப்பான்.
கண்ணாடிக்குள் வேறு முகம்;
பார்க்கிற நமக்கு மட்டும் அவன் முகம்.
அந்த இடம் வரும்போதெல்லாம்
நூலைக் கடிக்கக் குனிந்துகொள்வேன்.

எழுபத்தொன்று. டர்பன், விக்டோரியா தெரு மார்க்கெட்.
மீன் வாடைக்கும் மிளகாய்த்தூள் குவியலுக்கும் நடுவே
அவள்.
இரண்டு பிள்ளைகள். பக்கத்தில்
ஆஃப்ரிக்கான்ஸில் சிரிக்கும் ஒரு நாத்தனார்.
பெரியவனுக்கு அப்படியே எங்கள் அப்பாவின் காது.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் கடைக்காரரிடம்
பாகற்காய் என்ன விலை என்று கேட்டேன்.
சொன்னார்.
மறுபடியும் கேட்டேன்.
மூன்றாம் முறை கேட்டு நிமிர்ந்தபோது
அங்கே மிளகாய்த்தூள் மட்டும் இருந்தது.
எங்கள் வீட்டில் யாரும் பாகற்காய் தின்பதில்லை.
இருந்தும் வாங்கிவந்தேன்.

கதை எழுதுகிறவர்களே,
அவனை அங்கே அனுப்பினால் என்ன,
என் உடம்புக்குள், அந்தத் தராசுக்கு முன்னால்?
பின்னணி இசை ஏறும்.
அக்கா என்று கூப்பிட்டே விடுவான்,
அவனுக்கு அதுதானே தொழில்.
நாத்தனார் திரும்புவாள்.
யாரோ ஓர் அலுவலகத்துக்கு எழுதிப் போடுவார்கள்.
வீடு போகும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போகும்.
அதற்குள் அவன் அடுத்த உடம்பில்,
உப்பு தேடிக்கொண்டிருப்பான்.

வேண்டாம். அனுப்பாதீர்கள்.

இன்று கதை முடிந்தும்
ரேடியோவை நிறுத்த மறந்துவிட்டாள் விலோஷினி.
செய்தி.
இனப் பதிவுச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள்.
இனிப் பிறக்கும் குழந்தைகளுக்கு இல்லையாம்.
பிறந்துவிட்டவர்களுக்கு
இப்போதைக்கு அப்படியே.
ஊமை டிவியில் ஷாம்பு விளம்பரப் பெண்
கூந்தலை உதறிக்கொண்டு
அதையே வாயசைத்துச் சொன்னாள்.

"அம்மா, நீ குதித்தால் யாருக்குள்ளே குதிப்பே?"

பாகற்காய்க்காரருக்குள், என்றேன்.
அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மூன்று தடவை விலை கேட்டு
பையைப் பிடிக்கக் கை வராத அந்தப் பெண்ணைப் பற்றி
அன்று இரவு அவர்
வீட்டில் போய் என்ன சொன்னார் என்று
எனக்குத் தெரிந்தாக வேண்டும்.